மருந்தேற்றும் நாளும் மாரிகாலத்து வழியும்

புற்றுநோய்க்கு மருந்துண்டா என்று நம் பாட்டன்மார் கேட்டனர். கிரானுக்கு மேற்கே வாழும் வேளாண்மைக்காரன் இன்று கேட்பது அதுவன்று. மருந்தேற்றும் நாளிலே வைத்தியசாலை வாசலை எவ்வாறு அடைவது, ஏற்றிய மருந்தோடு அன்றிரவே வீடு திரும்புவது எவ்வாறு, திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சல் கண்டால் இடையிலே கிடக்கும் வெள்ளத்தை எதனாற் கடப்பது என்றே அவன் கேட்கிறான். இதற்கு மறுமொழி கூறும் கடமை மருத்துவருக்கு இல்லை, அரசினருக்கே உண்டு. ஆகவேதான் மருத்துவ ஏட்டுக்குரிய பொருள்போலத் தோன்றும் இதனை ஓர் அரசியல் ஏட்டில் எழுத முற்பட்டோம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே செல்வோர் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைத் தாண்டிக் கிரானை அடைவர். 30 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம். வீதி நல்ல வீதி. பஸ் வண்டிகளும் ஓடுகின்றன. இவ்வளவோடு ஊர் முடிந்துவிடுமாயின் நமக்கு எழுத ஒன்றுமில்லை. கோறளைப்பற்றுத் தெற்குப் பிரதேச செயலகம் கிரானில் இருக்கிறதேயொழிய, அப்பிரதேசத்தின் பெரும் பரப்பு மேற்கே நீருக்கு அப்பால், புலிபாய்ந்தகல்லையுந் தாண்டிக் குடும்பிமலை வரை கிடக்கிறது. பூலாக்காடு, முறுத்தானை, கோராவெளி என்று அங்கே ஊர்கள் உள. வயலும் மந்தையும் அவர்தம் செல்வம். கோடையில் வந்துபோவோர்க்கு அவை கிட்டிய ஊர்களே. மாரியில் மேற்கிலிருந்து இறங்கும் ஆற்று வெள்ளம் புலிபாய்ந்தகல் வீதியை மூடும்போது, அதே ஊர்கள் தீவுகளாகின்றன. 2024 நவம்பர் வெள்ளத்திலும் அதுவே நிகழ்ந்தது. மக்கள் படகிலே கடந்தனர். சந்திவெளித் துறையிலிருந்து திகிலிவெட்டைக்குச் செல்வோரோ தோணிப் பயணத்துக்குப் பழகிப்போனவர்கள்.

இனி, அக்கரையிலிருந்து வரும் ஒரு பெத்தாவுக்கு மருந்தேற்றும் நாள் எவ்வாறு கழிகின்றது என்பதைக் காண்போம்.

அவருக்கு மார்பகப் புற்றுநோய். கத்தி வைத்தாயிற்று. 21 நாட்களுக்கு ஒருமுறை மருந்தேற்ற வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. இலக்கத் துண்டு முற்கூட்டியே கையிலிருக்க வேண்டுமாயின் முதற் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதற் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாயின் சாமம் கழியுமுன் அடுப்பு மூட்டவேண்டும். துணைக்கு மகள் வருகிறாள். மகளின் கைக்குழந்தையை அயல்வீட்டாரிடம் விட வேண்டும். ஒரு போத்தல் தண்ணீர், ஒரு சோற்றுப்பொதி, ஒரு துவாய், வாந்தி வந்தால் ஏந்தப் பொலித்தீன் பை இரண்டு, போர்த்திக்கொள்ள ஒரு பழஞ்சேலை. சேலைன் ஏறும்போது குளிர் எடுக்கும் என்பது முதல் முறையிலேயே கற்ற பாடம்.

வாசலில் இலக்கம் எடுத்தபின் முதல் வேலை இரத்தப் பரிசோதனை. இதனை ஏன் செய்கின்றனர் என்பதை வாசகர் அறிந்துகொள்ளல் நலம். புற்றைக் கொல்லும் மருந்து வேகமாய்ப் பெருகும் அணுக்களையெல்லாம் தாக்குவது. மயிர்க்காலையும் வாயின் உட்தோலையும் எலும்பு மச்சையிலே பிறக்கும் வெள்ளணுக்களையும் அது பகைவரென்றே கருதும். மயிர் உதிர்வதும் வாய் புண்ணாவதும் இதனாலேயே. நோய்க்கிருமியை எதிர்க்கும் வெள்ளணு வகை ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 1,500க்குக் குறைந்திருந்தால் பெரும்பாலும் அன்று மருந்தேற்றமாட்டார்கள். ஒரு வாரம் தள்ளி வரச்சொல்வர். அது சரியான முடிவு. அதனை மீறி ஏற்றினால் மருந்தே உயிரைக் குடித்துவிடும்.

முடிவு வரும்வரை வாங்கிலே காத்திருத்தல் வேண்டும். இந்தக் காத்திருப்பிலேதான் நாள் தேய்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு மூள்கிறது. உனக்கு எத்தனையாவது, எனக்கு நாலாவது. சிவப்பு மருந்தா, வெள்ளையா? சிவப்பு ஏறிய நாள் சிறுநீரும் சிவந்து போகும், பயப்படாதே புள்ள என்று பழையவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தாத வகுப்பு இது. ஏறாவூர் முஸ்லிம் தாயும் கிரான் தமிழ்ப் பெத்தாவும் ஒரே வாங்கில் ஒரு வெற்றுப் போத்தலைப் பங்கிட்டுக் குடிநீர் நிரப்பிக்கொள்ளும் காட்சியை நமது அரசியல்வாதிகள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

பின்னர் ஊசி. பலமுறை குத்தப்பட்ட கையிலே நரம்பு தேடுவது எளிதன்று. சிவப்பு மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையை வேகவைத்துவிடும். ஆதலின் தாதி அதனைக் கண்ணெடாமல் பார்த்து மெல்ல மெல்லச் செலுத்துகிறார். வாந்திக்கு மருந்து முதலில், அதன்பின் பெருமருந்து, அதன்பின் நரம்பைக் கழுவ உப்புநீர். சிஸ்பிளாட்டின் ஏற்றப்படுபவராயின் சிறுநீரகத்தைக் காக்க லீற்றர் கணக்கில் உப்புநீர் ஏறவேண்டும். அவருடைய பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். அங்கு பணிபுரியும் மருத்துவரும் தாதியரும் சிற்றூழியரும் இத்தனை கூட்டத்துக்கு நடுவே ஆற்றும் தொண்டு வணங்கத்தக்கது. நமது குறை அவர்கள்மேல் இல்லை.

மருந்து முடிந்து எழும்போது மாலை ஆகியிருக்கும். தலை சுற்றுகிறது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் மகள் தோளிற் சாய்ந்து வருவார். கிரானில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியோ உழவு இயந்திரமோ பிடித்து, மாரியாயின் படகுக்குக் காத்திருந்து, வீட்டுப் படலையை அடையும்போது ஊர் உறங்கிவிடும். படலைக்குள் வந்தபின்னரே வாந்தி முழு வேகத்தோடு தொடங்கும்.

இப்படியொரு நாளைக் கழித்துச் சென்ற பின், மருந்து ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளணு குறைவு, அடுத்த வாரம் வா. அந்த வார்த்தை மருத்துவ நெறிப்படி சரி என்று முன்னரே சொன்னோம். ஆயினும் அதனை அறிவதற்காக ஒரு நோயாளி விடியுமுன் நீரைக் கடந்து 30 கிலோமீற்றர் வரத்தான் வேண்டுமா? வாழைச்சேனையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. கிரானிலிருந்து அது கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இரத்தத்தில் வெள்ளணு எண்ணுவது அத்தரத்து வைத்தியசாலைக்கு அரிய வித்தையன்று. மருந்தேற்றும் நாளுக்கு முதல்நாள் அங்கே இரத்தம் எடுத்து, முடிவைத் தொலைபேசியில் மட்டக்களப்புக்கு அறிவித்து, நாளை வரலாம் அல்லது வரவேண்டாம் என்று நோயாளிக்கும் ஒரு சொல் சொல்லிவிட்டால் எத்தனை பயணம் மிச்சமாகும்! இதற்குப் புதிய கட்டிடம் வேண்டாம். வெளிநாட்டுக் கடன் வேண்டாம். மத்திய சுகாதார அமைச்சின்கீழ் உள்ள போதனா வைத்தியசாலையும் கீழ்நிலை வைத்தியசாலைகளை நடத்தும் மாகாண நிர்வாகமும் ஒன்றோடொன்று பேசினாற் போதும். அவ்வளவு சிறிய காரியத்தை ஒரு முறையாக்கி எல்லா ஊருக்கும் உரித்தாக்குவதற்கு இந்த நாட்டிலே யாரிடம் மனுக்கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு உண்மையான காரணம் அதுவே.

மருந்தேறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அந்நாட்களில் உடம்பு காவலில்லாத வயல். உடற்சூடு 38 பாகை செல்சியசை எட்டிவிட்டால், பழைய பரனைற் கணக்கில் 100.4, அது சாதாரணக் காய்ச்சலன்று. பனடோலைப் போட்டுப் படுத்திருந்தால் மறுநாள் எழாமலே போகலாம். நோயாளி வைத்தியசாலையை அடைந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நரம்பிலே ஏறவேண்டும் என்று உலகெங்கும் மருத்துவர் வற்புறுத்துகின்றனர். ஒரு மணித்தியாலம்! வெள்ளம் மூடிய வீதியின் அக்கரையில், இரவிலே, காற்றும் மழையுமாக இருக்கையில், படகோட்டியைத் தேடிப் பிடிப்பதற்கே இரண்டு மணித்தியாலம் செல்லும்.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். புரட்டாசியில் முதல் மருந்தேற்றிய ஒருவருக்கு, 21 நாட்களுக்கு ஒன்றாக, ஆறாவது மருந்து மார்கழிக் கடைசியில் வரும். ஐப்பசி மழையும் கார்த்திகை வெள்ளமும் மார்கழி ஈரமும் அவருடைய சிகிச்சைக்காலத்துக்குள் முழுமையாக அடங்கிவிடுகின்றன. ஆறு முறையும் அவர் காவலிழந்து கிடக்கும் வாரங்களிற் பெரும்பாலானவை வழியற்ற வாரங்களே. உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பாய்ச்சல் நீரைக் கடக்கலாம் என்போர், 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் மதரசா மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிச்சென்றதையும் பிள்ளைகள் மாண்டதையும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே நாம் கேட்பது இது. மருந்தேற்றிக்கொள்ளும் நோயாளர் எத்தனைபேர் நீருக்கு அப்பால் வாழ்கின்றனர் என்ற பெயர்ப்பட்டியல் பிரதேச செயலகத்திலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் மாரிக்கு முன்னரே இருத்தல் வேண்டும். பெரிய எண்ணிக்கையாக இராது. கிராம அலுவலர்கள் ஒரு வாரத்திலே எழுதித்தரலாம். வீதி மூடும் காலத்தில் அவர்களுக்கு இக்கரையிலே தங்குமிடமும் உணவும் அரசு செலவிற் கொடுக்கவேண்டும். தங்க முடியாதவர்க்கு, இரவு பகல் எந்நேரமும் அழைத்தால் வரும் படகு ஒன்று பெயர் குறித்து ஒதுக்கப்படல் வேண்டும். காய்ச்சல் கண்டால் என்ன செய்வது என்பது தெளிந்த தமிழில் அச்சிட்ட ஒரு துண்டாக ஒவ்வொரு கிளினிக் கொப்பியிலும் ஒட்டப்படல் வேண்டும். அத்துண்டைக் காட்டினால் எந்தச் சிறு வைத்தியசாலையும் வரிசையில் நிறுத்தாமல் உள்ளே எடுக்கவேண்டும். நிரந்தரப் பாலம் வேண்டும் என்ற பழைய கோரிக்கை அதன்பாட்டிற் கிடக்கட்டும். பாலம் முழுமையாகும்வரை நோய் காத்திராது.

கதிர்ச்சிகிச்சையின் கணக்கு இன்னொன்று. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம். ஒவ்வொரு நாளும் மேசையிற் கிடப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்காக 25 தொடக்கம் 35 நாட்கள் வந்து போகவேண்டும். அக்கருவி மட்டக்களப்பில் இருந்தாலென்ன, தெல்லிப்பழையில் இருந்தாலென்ன, மகரகமவில் இருந்தாலென்ன, நோயாளி எங்கே தங்குவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. முன்னர் நம்மவர் பலர் இரவு இரயிலேறிக் கோட்டையில் இறங்கி, 138ஆம் இலக்கப் பஸ்ஸில் மகரகம சென்று, மொழி தெரியாத வரிசையில் நின்றார்கள். போக வசதியில்லாதோர் போகாமலே இறந்தனர். தமிழும் அரச கரும மொழியே என்று 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே எழுதப்பட்ட பின்னரும், அவ்வரிசைகளிலே அந்த எழுத்துக்கு எவ்வளவு உயிரிருந்தது என்பதை அங்கு போய்வந்தவரைக் கேட்டால் தெரியும். இன்று கிழக்கிலேயே சிகிச்சைப் பிரிவு இருப்பது பெரும் பேறு. அப்பேறு எல்லோர்க்கும் எட்டவேண்டுமானால் வைத்தியசாலையை அடுத்து நோயாளர் விடுதி ஒன்று வேண்டும்.

விடுதி கட்டப் பணமில்லை என்பது அரசினர் வழக்கமாகச் சொல்லும் பதில். 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, 27 நாட்கள், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக மக்கள் நடந்து திரட்டிய பணத்திலேதான் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சென்னை அடையாற்றிலே 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்திய மாதர் சங்கத்தாரும் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவை 12 கட்டில்கள். மக்கள் கொடுப்பார்கள், நம்பிக்கையான கையொன்று நீட்டப்படவேண்டும். கோயிற் கோபுரங்களுக்குக் கடல்கடந்து வரும் பணத்தில் பத்திலொரு பங்கு இதற்கு வந்தாற் போதும் என்று நாம் சொன்னால் சிலர் முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும்.

வேளாண்மைக்காரர்க்கு வேறொரு சங்கடமும் உண்டு. மாரிப்போகத்து விதைப்பும் பசளையும் களையும் சிகிச்சை நாட்களோடு மோதுகின்றன. அறுவடைக்கு நிற்கும் வயலை விட்டு ஐந்தாம் மருந்துக்குப் போகாதவர் உண்டு. நாட்கூலிக்குப் போகும் குடும்பத்திலோ நோயாளியின் கூலியும் துணைக்கு வருபவரின் கூலியுமாக இரண்டும் ஒரே நாளிற் போய்விடும். முதல் மூன்று முறைக்குத் தோடு அடைவு போகும். நாலாம் முறைக்குப் பசு போகும். ஆறில் மூன்று ஏற்றிவிட்டு, உடம்பு தேறிவிட்டது, கட்டியும் வற்றிவிட்டது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு நின்றுவிடுகின்றனர். ஓராண்டில் நோய் திரும்பிவரும்போது முன்பு கேட்ட மருந்துக்கு அது கேட்பதில்லை. இலவச மருத்துவம் என்ற சொல்லை நாம் பெருமையோடு வழங்குகிறோம், பெருமைக்குரியதுதான். மருந்து இலவசம். பஸ், படகு, சாப்பாடு, இழந்த கூலி இவையாவும் விலைக்கு. இத்தகைய குடும்பத்துக்குச் சிகிச்சைக்காலம் முழுவதும் போக்குவரத்துப் படியொன்று கொடுத்தல் தருமமாகாது, கடமையாகும்.

நம்மவர் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் இது ஒருபக்கப் பேச்சாகிவிடும். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முதன்மையானது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நமது விருந்தோம்பலின் முகம்; வட்டா நீட்டாத வீடு வீடா? ஆயினும் புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கு ஒன்றே தனித்தும், புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டுவிட்டது. வாயில் ஆறாத வெள்ளைத் தழும்பு, அங்காக்க முடியாத இறுக்கம் இவை கண்டவுடன் பல்வைத்தியரிடம் காட்டினால் பெருமருந்து வரை போக வேண்டிவராது. நாமோ பரிகாரியாரிடம் எண்ணெய் வாங்கி ஆறுமாதம் கொப்பளிக்கிறோம். பெண்கள் மார்பிலே கட்டியைத் தொட்டறிந்தும் மகளுக்குக் கலியாணம் முடியட்டும் என்று மறைக்கிறார்கள். குடும்பத்தில் இந்நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பும் என்பது அச்சம். இந்த அச்சத்தைப் போக்கக் கடமைப்பட்டவர்கள் ஆசிரியர், எழுதுவினைஞர், சட்டத்தரணி, மருத்துவர் ஆகிய படித்தவர்களே. அவர்களோ தம் வீட்டில் நோய் வந்தால் இரவோடிரவாகக் கொழும்புக்கோ சென்னைக்கோ சென்று, ஊருக்கு வேறு காரணம் சொல்கின்றனர். கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியர்க்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது. அதற்குக் கையொப்பமிடத் தயங்கும் பெற்றோரையும் நாம் கேள்விப்படுகிறோம்.

2022ஆம் ஆண்டு நாடு வங்குரோத்தானபோது மருந்துப் பட்டியலில் வெற்றிடங்கள் விழுந்ததையும், வெளியே வாங்கிவரச் சொன்ன மருந்தின் விலையைக் கேட்டு மக்கள் திகைத்ததையும், எரிபொருள் வரிசையிலே நோயாளர் வண்டிகள் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. அதன்பின் தரமற்ற மருந்துக் கொள்வனவு என்ற குற்றச்சாட்டில், அக்காலத்துச் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியிற் கைது செய்யப்பட்டார். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். கொழும்பில் ஒருவர் இடும் கையொப்பம் பூலாக்காட்டுப் பெத்தாவின் நரம்புவரை வந்து சேர்கிறது என்பதை மாத்திரம் ஈண்டுக் குறித்து மேற்செல்கிறோம்.

இனி அதிகாரம் பற்றிய பேச்சு. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் உருண்டன, ஆளுநரே ஆண்டனர். கிரான் வாக்காளன் தன் ஊர் வைத்தியசாலையைப் பற்றிக் கேட்பதற்கு அவனாலே தெரிந்தெடுக்கப்பட்ட மாகாண உறுப்பினன் இல்லாத காலம் அது. சமஷ்டி வேண்டும், அதிகாரப் பகிர்வு வேண்டும் என்று மேடையில் நாம் முழங்கும்போது, அது எதற்கு என்று ஒருவன் கேட்டால், வாழைச்சேனையில் எடுத்த இரத்தத்தின் முடிவை மட்டக்களப்புக்கு அறிவிக்கும் ஒழுங்கைக் கொழும்பைக் கேளாமல் நாமே செய்துகொள்வதற்கு என்று சொல்லலாம். மக்களுக்கு அது விளங்கும்.

மட்டக்களப்பு மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எக்கட்சியினராயினும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒன்றாக அமர்கின்றனர். நோயாளர் பெயர்ப்பட்டியல், முதல்நாள் இரத்தப் பரிசோதனை, மாரிகாலத் தங்குமிடம், இரவுப் படகு ஆகிய நான்கையும் அக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் எழுத்தில் ஏற்றி, எந்த அதிகாரி எந்தத் திகதிக்குள் செய்வார் என்று கூட்டக் குறிப்பிற் பதியவைக்க வேண்டும். கிரானிலுள்ள கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் இதே நான்கையும் கையொப்பமிட்டுப் பிரதேச செயலாளரிடம் கையளிக்கலாம். ஆவணி முடியுமுன் இது நடைபெற்றாற்றான் ஐப்பசிக்குப் பயன்படும்.